4 ஜிபி லேப்டாப், 64 ஜிபி போன், ரெண்டும் திணறுது: 5000 ரூபாயில் என்ன செய்யலாம்?

தண்டையார்பேட்டை_வாசி:

வணக்கம். வீட்டில் இருக்கும் லேப்டாப் ஐ3 ஏழாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் பண்ணி டெஸ்க்டாப் வர நாலு நிமிஷம், குரோம் திறக்க இன்னொரு நிமிஷம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% காட்டுது. விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்னுடுச்சு, புதுசுதான் வாங்கணும்னு கடையில் சொல்றாங்க.

போன் ஆண்ட்ராய்டு, 64 ஜிபி. மீதி 1.5 ஜிபிதான். தனி பிராட்பேண்ட் கிடையாது, போன் ஹாட்ஸ்பாட்டில்தான் லேப்டாப் ஓடுது. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பிளான், லேப்டாப்பை கனெக்ட் பண்ண ஒரு மணி நேரத்தில் காலி.

இன்னொண்ணு, சார்ஜில் இருக்கும்போது லேப்டாப் மூடியில் கை வெச்சா ஜிவ்வுனு இழுக்குது.

மொத்த பட்ஜெட் 5000. எதை முதல்ல சரி பண்ணணும்?

---

மின்ட்_சர்வீஸ்:

புதுசு வேண்டாம். உங்க லேப்டாப்பில் அடைச்சு நிக்கிறது ஒரே ஒரு பார்ட், ஹார்ட் டிஸ்க். அதை உறுதி பண்ணிக்கிட்டு அப்புறம் காசை எடுங்க.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. பெர்ஃபார்மன்ஸ் டேபில் டிஸ்க்கைத் தொட்டா கீழே "ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்"னு ஒரு எண் ஓடும். 100% என்பதை விட அந்த எண்தான் முக்கியம். மில்லி செகண்டில் நூறு, ஐநூறு, ஆயிரம்னு நின்னா டிஸ்க்தான் காரணம். லேப்டாப் டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுற்று, ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். விண்டோஸ் கிளம்பும்போது ஆயிரக்கணக்கான குட்டி ஃபைலை இங்கொண்ணு அங்கொண்ணுன்னு கேக்கும். ஊசி ஒவ்வொண்ணுக்கும் நகர்ந்து, தட்டு சுத்தி வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா போடுற எஸ்எஸ்டியில் சுத்துற தட்டே கிடையாது. நாலு நிமிஷம் அரை நிமிஷத்துக்குள் வந்துடும்.

வாங்க வேண்டியது 2.5 இன்ச் சாட்டா (உங்க ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கிற அதே வகை கனெக்டர்) எஸ்எஸ்டி, 7 மில்லிமீட்டர் தடிமன். 240 ஜிபியோ 256-ஓ போதும். போர்டில் எம்.2 ஸ்லாட் (மெல்லிய பட்டை மாதிரி எஸ்எஸ்டி கார்டு செருகுற இடம்) இருந்தாலும் கண்ணை மூடிக்கிட்டு என்விஎம்இ (சாட்டாவை விட வேகமான வகை) வாங்காதீங்க. அந்தக் காலத்து மாடல் பலதில் அந்த ஸ்லாட் சாட்டாவுக்கு மட்டும்தான் வேலை செய்யும், என்விஎம்இ கார்டு பொருந்தி உக்காரும், ஆனா பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டப் திரையில், காட்டாது. கார்டோட முனையில் ரெண்டு வெட்டு இருந்தா பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு இருந்தா என்விஎம்இ.

அதுக்கு முன்னாடி கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கிற டிஸ்க் சோதனை சாஃப்ட்வேர் போட்டு பழைய டிஸ்க்கைப் பாருங்க. 05, சி5, சி6 மூணு வரியிலும் ரா வேல்யூ பூஜ்யமா இருக்கணும். சி5-ல் எண் இருந்தா படிக்க முடியாத செக்டர் வந்துடுச்சுன்னு அர்த்தம், குளோன், அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகல் எடுக்கிறது, பாதியில் தொங்கும்.

எல்லாம் பூஜ்யம்னா யூஎஸ்பி-சாட்டா கேபிளில் எஸ்எஸ்டியை மாட்டி குளோன் பண்ணலாம். சி டிரைவ், டி டிரைவ் ரெண்டிலும் சேர்த்து நிரம்பினது 200 ஜிபிக்குள் இருக்கணும். குளோன் முடிஞ்சதும் பழைய டிஸ்க்கை வெளியே எடுத்துட்டுத்தான் முதல் தடவை ஆன் பண்ணணும். ரெண்டும் மாட்டியிருந்தா பழையதிலிருந்தே பூட் ஆகி, எஸ்எஸ்டி போட்டும் வேகம் வரலைன்னு தோணும்.

கழட்டும்போது ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டே ஷட்டவுன் கொடுங்க, அப்பதான் முழுசா அணையும். அடாப்டரைப் பிடுங்கிட்டு, அடி மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழட்டுறது. டிஸ்க்கிலிருந்து போர்டுக்குப் போற தட்டையான கேபிளை இழுக்கக் கூடாது. அதோட பூட்டுச் சட்டம் நகத்தால் மேலே தூக்கினா வரும். அதை உடைச்சுட்டா அந்த கேபிள் தேடியே ஒரு நாள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலையணும்.

ரேம் ரெண்டாவது. சிபியு-இசட் சாஃப்ட்வேர் போட்டு எஸ்பிடி டேபில் எந்த ஸ்லாட்டில் என்ன இருக்குன்னு பார்த்துட்டுப் போங்க. ஏழாம் தலைமுறையில் டிடிஆர்4-ம் வந்திருக்கு, டிடிஆர்3எல்-ம் வந்திருக்கு. வெட்டு வேற இடத்தில் இருக்கும், ஒண்ணு இன்னொண்ணில் நுழையாது. ரேம் விலை ஏறி இறங்குது, அதனால எஸ்எஸ்டி வாங்கி மீதி இருந்தா மட்டும் இன்னொரு 4 ஜிபி. பில் போட்டு வாரண்டியோட வாங்குங்க.

விண்டோஸ் 10 விஷயம் பாதிதான் உண்மை. 2025 அக்டோபர் 14-ல் வழக்கமான ஆதரவு முடிஞ்சது. ஏழாம் தலைமுறை ஐ3 விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஆரம்பம். ஆனா 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் மட்டும் வாங்க ஒரு வழி வெச்சிருக்காங்க. 22எச்2 பதிப்பில் இருக்கணும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் உள்ளே போயிருக்கணும். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் வலது ஓரம் "என்ரோல்" லிங்க் வரும். செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் பண்ணா அதுக்குக் காசு கிடையாது. அதுக்கப்புறம் பிரவுசர், லெட்டர் டைப்பிங் அளவுக்குத்தான் வேலைன்னா லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ இதே மெஷினில் நல்லா ஓடும்.

---

கொருக்குப்பேட்டை_நெட்:

டேட்டா தீர்றதுக்கு மட்டும் சொல்றேன். ஹாட்ஸ்பாட்டை விண்டோஸ் சாதாரண வைஃபைன்னு நினைச்சுக்கிட்டு அப்டேட், ஒன்டிரைவ், ஸ்டோர் ஆப் எல்லாத்தையும் பின்னாடி இறக்குது. செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை, உங்க ஹாட்ஸ்பாட் பேர், பிராபர்ட்டீஸ். அங்க "மீட்டர்டு கனெக்ஷன்" ஆன். பெரிய அப்டேட் தானா இறங்குறது நின்னுடும். அப்டேட் பக்கத்திலேயே "டெலிவரி ஆப்டிமைசேஷன்"னு ஒண்ணு இருக்கும், மத்த கம்ப்யூட்டரோட பகிர்ற வேலை அது. அதையும் ஆஃப் பண்ணுங்க.

வைஃபை ஹாட்ஸ்பாட்டை விட யூஎஸ்பி டெதரிங், அதாவது போன் நெட்டைக் கேபிள் வழியா லேப்டாப்புக்குக் கொடுக்கிறது, நல்லது. போன் சூடு குறையும், நெட்டும் அறுபடாது. ஆனா கவனம்: டெதரிங்கை விண்டோஸ் ஈதர்நெட்டாத்தான் பார்க்கும். வைஃபைக்குப் போட்ட மீட்டர்டு செட்டிங் அதுக்குச் செல்லாது, ஈதர்நெட் பக்கத்தில் போய் தனியா ஆன் பண்ணணும். அதை விட்டுட்டா முதல் நாளே 1.5 ஜிபியும் போயிடும். போனில் டெதரிங் பட்டனே மங்கலா இருந்தா கேபிள்தான் காரணம். விலை மலிவான சார்ஜிங் கேபிளில் உள்ளே கரண்ட் வயர் ரெண்டு மட்டும்தான் இருக்கும், டேட்டா வயர் இருக்காது.

அப்டேட்டை ஒரேயடியா நிறுத்தாதீங்க. மாசத்தில் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை ராத்திரி, நம்ம நேரத்துக்கு, மாசாந்திர அப்டேட் வரும். அந்த வாரத்தில் ஒரு நாள் ராத்திரி 11 மணிக்கு டேட்டா எவ்வளவு மீதி இருக்குன்னு பார்த்து மீட்டர்டை ஆஃப் பண்ணுங்க. 12 மணிக்குக் கோட்டா புதுப்பிக்கும் பிளான்னா ரெண்டு நாள் டேட்டாவும் சேர்ந்து கைகொடுக்கும்.

---

வியாசை_மொபைல்:

போனுக்கு வர்றேன். பத்துக்கு எட்டு போனில் இடத்தை அடைக்கிறது வாட்ஸ்அப்தான்.

வாட்ஸ்அப் உள்ளே செட்டிங்ஸ், "ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா", "மேனேஜ் ஸ்டோரேஜ்". மேலேயே "5 எம்பிக்கு மேல்", "பலமுறை ஃபார்வர்டு ஆனவை"ன்னு ரெண்டு பெட்டி இருக்கும். ஃபார்வர்டு பெட்டியைக் கண்ணை மூடிக்கிட்டு அழிக்கலாம். 5 எம்பி பெட்டியில் வீட்டு விசேஷ வீடியோவும் கலந்து இருக்கும், பார்த்து அழிங்க. குரூப்பில் வர்றது தானா இறங்காம இருக்க அதே பக்கத்தில் ஆட்டோ டவுன்லோடில் மூணு வரியிலும் டிக் எடுத்துடுங்க.

இதில் சிக்காம ஒளிஞ்சிருக்கிற இடம் இன்னொண்ணு. ஃபைல் மேனேஜரில் ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியான்னு உள்ளே போங்க. இமேஜஸ், வீடியோ, டாக்குமெண்ட்ஸ் ஒவ்வொண்ணுக்குள்ளும் "சென்ட்"னு ஒரு ஃபோல்டர். நீங்க அனுப்பின ஃபைலோட இன்னொரு காப்பி அங்கே சேரும். கேலரியில் அது தெரியாது, அதனால யாரும் அழிக்கிறதில்ல. போன் கேமராவில் எடுத்ததுன்னா ஒரிஜினல் கேமரா ஃபோல்டரில் இருக்கும், சென்ட்டை அழிச்சா அதுக்கு ஒண்ணும் ஆகாது. சாட்டில் அந்தப் படம் திறக்காமப் போகும், அவ்வளவுதான்.

செட்டிங்ஸில் ஆப் பக்கத்துக்குப் போய் "கிளியர் கேஷ்" அழுத்தலாம். பக்கத்திலேயே இருக்கும் "கிளியர் டேட்டா"வை வாட்ஸ்அப்பில் தொடவே தொடாதீங்க, சாட் முழுசும் போனிலிருந்து போயிடும்.

கூகுள் போட்டோஸில் "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" அழுத்தினா, மேலே ஏறி முடிஞ்ச படத்தை மட்டும் போனிலிருந்து எடுக்கும். அதே ஆப்பில் படத்தைத் தேர்ந்தெடுத்து டெலீட் அழுத்தினா போனிலும் போகும், கிளவுடிலும் போகும். இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் நிறைய பேர் படத்தைத் தொலைக்கிறாங்க. பேக்கப் ஆன படம்னா குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அதுக்குள்ள மீட்கலாம். இலவச 15 ஜிபி ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூணுக்கும் பொது. வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்ப அதுக்குள்ளதான் வருது.

எப்பவும் 6, 7 ஜிபி காலியா விடுங்க. மெமரி நிரம்பினா எழுத இடம் தேடித்தேடி போனே மந்தமாகும், கேமரா திறக்கவும் நேரம் எடுக்கும். மெமரி கார்டு போடுறதா இருந்தா பில் இல்லாத கார்டு வேண்டாம். எதை வாங்கினாலும் லேப்டாப்பில் எச்2டெஸ்ட்டபிள்யூங்கிற சோதனை சாஃப்ட்வேர் போட்டு முழுசா எழுதிப் படிச்சுப் பாருங்க. 128-ன்னு காட்டுற போலி கார்டு, நிஜ அளவு தாண்டினதும் படத்தைக் கெடுத்துடும்.

---

ராயபுரம்_எலக்ட்ரிகல்:

ஜிவ்வுங்கிறதைப் பத்தி யாரும் சொல்லலை. அடாப்டரோட பிளக் மூணு பின்னா, ரெண்டு பின்னா? மூணு பின் பிளக்கை ரெண்டு பின் கன்வெர்ட்டரில் செருகியிருந்தா எர்த் தொங்குது. இரைச்சலை வடிகட்ட அடாப்டருக்குள் சின்ன கப்பாசிட்டர் இருக்கும், அது வழியா துளி கரண்ட் உலோக மூடிக்கு வரும். எர்த் இருந்தா அதில் போயிடும், இல்லாட்டி உங்க கை வழியா. அளவு மிகக் கம்மிங்கிறதால ஜிவ்வுனு மட்டும் தெரியும். பிளக்கைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்க. நின்னுபோனா இதுதான் காரணம். சுளீர்னு அடிச்சா அடாப்டரையே தூக்கிப் போடுங்க, அது வேற கதை.

பழைய வீடுகளில் சாக்கெட்டில் மூணாவது ஓட்டை இருக்கும், பின்னாடி வயர் இருக்காது. எலக்ட்ரிஷியனை வெச்சு மீட்டரில் பாருங்க: பேஸுக்கும் எர்த்துக்கும் 230 பக்கம் வரணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள் இருக்கணும்.

காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடல் காத்து நேரா அடிக்கிற தெருன்னா இன்னொண்ணு. உப்பு ஈரத்தை இழுத்து வெச்சுக்கும், ஃபேன் தூசியோட சேர்ந்து பசையாகி ஹீட் சிங்க்கில் அப்பிக்கும். டிஸ்க் மாத்தத் திறக்கும்போதே ஃபேனையும் பிரஷ்ஷால் துடைங்க. புளோயர் அடிச்சா ஃபேன் இறக்கையை விரலால் பிடிச்சுக்கணும், இல்லாட்டி தாறுமாறா சுத்தி பேரிங் கெடும். போன் சார்ஜிங் ஓட்டையில் ஊசி, சேஃப்டி பின் விடாதீங்க. போனை அணைச்சுட்டு மரப் பல்குச்சியால் மெல்ல சுரண்டினா உள்ளே அழுத்தி உக்காந்த பஞ்சு வரும். முக்கால்வாசி "சார்ஜ் ஏறலை" கேஸ் அந்தப் பஞ்சுதான்.

லேப்டாப் டச்பேட் கிளிக் ஆக மாட்டேங்குதா, மூடி லேசா மேடு தட்டுதா? பேட்டரி உப்ப ஆரம்பிச்சிருக்கு. அப்படின்னா அந்தப் பேட்டரியில் சார்ஜ் போடாதீங்க, குத்தியோ அமுக்கியோ பார்க்காதீங்க.

---

தண்டையார்பேட்டை_வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பார்த்ததைச் சொல்றேன். ரெஸ்பான்ஸ் டைம் 900-க்கு மேல் போகுது. 05-ல் பூஜ்யம், சி5-ல் 8. ரேம் டிடிஆர்4, ஒரு ஸ்லாட் காலி. நிரம்பினது மொத்தம் 140 ஜிபி. சென்ட் ஃபோல்டரில் மட்டும் 11 ஜிபி இருந்தது, அழிச்சாச்சு. பிளக் ரெண்டு பின் கன்வெர்ட்டரில்தான் இருந்தது. இனி குளோன் பண்ணலாமா?

---

மின்ட்_சர்வீஸ்:

சி5-ல் 8 இருக்கு, குளோன் வேண்டாம் தம்பி. டிஃப்ராக், ஃபுல் ஸ்கேன் எதுவும் ஓட்டாதீங்க, அந்த டிஸ்க்கை எவ்வளவு குறைவா சுத்த விடுறோமோ அவ்வளவு நல்லது. இன்னைக்கே ஈடு இல்லாத ஃபைலை, அதாவது படம், சர்டிஃபிகேட், டாக்குமெண்ட்டை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கோங்க.

8 ஜிபி பென் டிரைவ் இன்னொண்ணு காலி பண்ணி மீடியா கிரியேஷன் டூலில் விண்டோஸ் 10 போடுங்க. அது பல ஜிபி இறங்கும், உங்க 1.5 ஜிபியில் ஆகாது, பிராட்பேண்ட் இருக்கிற வீட்டில் வெச்சு செஞ்சுக்கோங்க. எஸ்எஸ்டியை மாட்டி பென் டிரைவில் பூட் பண்ணி, கீ கேட்டா "ஐ டோன்ட் ஹேவ் எ பிராடக்ட் கீ". இப்ப இருக்கிறது ஹோம்னா ஹோம்தான் தேர்ந்தெடுக்கணும், ப்ரோ போட்டா ஆக்டிவேட் ஆகாது. லைசென்ஸ் மதர்போர்டோட சேர்ந்தது, நெட் கிடைச்சதும் தானா ஏறும். போட்டு முடிச்சதும் முதல் வேலை ஈதர்நெட்டில் மீட்டர்டு ஆன் பண்றது.

அப்புறம் பழைய டிஸ்க்கை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, மிச்ச ஃபைலை ஃபோல்டர் ஃபோல்டரா காப்பி பண்ணுங்க. முழு டிரைவையும் ஒரே இழுப்பில் இழுத்தா கெட்ட செக்டர் வந்த இடத்தில் எல்லாமே நிக்கும். ஒரு ஃபைலில் சிக்கினா "ஸ்கிப்" கொடுத்துட்டு அடுத்ததுக்குப் போங்க, சிக்கினதைக் கடைசியில் திரும்ப முயற்சி பண்ணலாம்.