சேலம் – கோவை ரோட்டுல எலக்ட்ரிக் கார் சார்ஜர்: 25 கிலோமீட்டருக்கு ஒண்ணா, ஒரே எடத்துல பத்தா?

பெருந்துறைக்காரன்:
ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் 25 கி.மீ.க்கு ஒரு சார்ஜிங் ஸ்டேஷன்னு மத்திய மின்துறையோட 2022 வழிகாட்டுதல்ல இருந்துச்சுங்க, அதை அப்படியே நம்ம சேலம் – கோவை தேசிய நெடுஞ்சாலை 544ல போட்டா போதும்னு நெறைய பேரு சொல்றாங்க, எனக்கு ஒப்பல. சேலத்துலருந்து கோவை 160 சொச்சம், இப்ப வர்ற கார் பெரும்பாலும் ஒரே சார்ஜ்ல தாண்டிரும். க்யூதாங்க பிரச்சனை. 60 கிலோவாட் மெஷின்ல ரெண்டு காரு சொருகுனா ஆளுக்கு 30தான், முன்னாடி நிக்கறவரு 80 பர்சென்ட் தாண்டியும் சார்ஜிங் கன்னைக் கழட்ட மாட்டேங்கறாரு, அதுக்கு மேல ஏர்றது ஆமை வேகம். சங்ககிரி, பெருந்துறை, அவிநாசி, மூணு எடத்துல பத்து பத்து கன் வைங்க, போதும்.

தாராபுரம் வண்டி:
544 மட்டும்தான் ரோடா? கரூர்லருந்து தென்னிலை, வெள்ளகோவில், காங்கேயம், பல்லடம்னு நாங்க வர்ற ரோட்ட யாரு பாக்கறது? ராத்திரி ஒரு பங்க்ல மெஷின் செவப்பு லைட்டு காட்டுது, பசங்ககிட்ட கேட்டா கம்பெனிக்கு போன் பண்ணுங்கங்கறாங்க, பக்கத்துல வேற மெஷின் இல்ல, கொழந்தையோட எங்க போறது? காசைப் பெரிய எடத்துலயே கொட்டுனா எங்களுக்கு ஒண்ணுமே மிஞ்சாது.

பெருந்துறைக்காரன்:
அதுக்குத்தாங்ணா சொல்றேன், ஒத்த மெஷின் வச்சா இதான் கதி.

மில் எலக்ட்ரீசியன்:
ரெண்டு பேரும் கரண்டை மறந்துட்டீங்க. 120 கிலோவாட் மெஷின் நாலு வச்சா 480, ஹெச்டி (உயர் அழுத்த) கனெக்ஷன், தனி டிரான்ஸ்பார்மர் வேணும், காரு வந்தாலும் வராட்டியும் வாங்கி வச்ச லோடுக்கு மாசாமாசம் டிமாண்ட் சார்ஜ் கட்டோணும். பெருந்துறையில தாங்கும், வெள்ளகோவில்ல ஒரு நாளைக்கு நாலு காரு வந்தா போட்டவன் ஆறு மாசத்துல மூடிருவான். அங்க எல்டி (தாழ்வழுத்த) கனெக்ஷன்ல 30 கிலோவாட் ரெண்டு போதுங்க, ஒண்ணு படுத்தா இன்னொண்ணு இருக்கும்.

தாராபுரம் வண்டி:
30ன்னா 40 யூனிட் பேட்டரிக்கு 20லருந்து 80 ஏற முக்கா மணிநேரத்துக்கு மேல ஆகுமே. சரி, ஒத்துக்கறேன், ஆனா லைட்டும் கூரையும் லேடீஸ் பாத்ரூமும் இல்லாம வைக்கக்கூடாது.

சங்ககிரி லாரி:
காரையே பேசறீங்க. எலக்ட்ரிக் லாரி வந்துட்டா ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுத்து கன் சொருக முடியுங்களா? நேரா உள்ள வந்து நேரா வெளிய போற மாதிரி எடத்தை இப்பவே விடோணும், அப்பறம் ஓட்டல் கட்டிட்டா அதை இடிக்கவா போறாங்க?

தாராபுரம் வண்டி:
எடம் விடுங்கணா, வேண்டாம்னு சொல்லல. ஆனா தென்னிலைக்கு ரெண்டு மெஷின் வந்த பொறவுதான் பெருந்துறைக்கு பத்தாவது கன்.

பெருந்துறைக்காரன்:
அதை நான் ஒத்துக்க மாட்டனுங்க. பொங்கலுக்கு மொத நாள் சாயங்காலம் பெருந்துறை பக்கம் வந்து நின்னு பாருங்க.