ஆலையை மூடுறாங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து கேக்கறாங்க. உதவுங்க

திருச்சிக்காரன்: கனடா வந்து ஆறு மாசம்தான் ஆகுது. நேத்து ஷிஃப்டுக்கு முன்னாடி எல்லாரையும் கேன்டீன்ல நிக்க வச்சு, ஆலையை மூடுறோம்னுட்டாங்க. முந்நூறு பேர் இருப்போம். ஒரு பேப்பர்ல கையெழுத்து வேணுமாம். மனைவிக்கு ஏழாம் மாசம். ஊருக்கே திரும்பிடலாமா?

91இல வந்தவன்: பயப்படாதேங்கோ தம்பி. நான் வந்தது சரியான பனிக்குள்ள. பகல் கோப்பை கழுவினேன், விடிய பேப்பர் போட்டேன். ஒரு பேஸ்மென்டில ஆறு பேர். எங்களுக்கு ஆர் கடிதம் தந்தது? "நாளைக்கு வராதை" எண்டுவினம், அவ்வளவுதான். ஸ்காபரோவுக்கு வாங்கோ.

மார்க்கம் அக்கா: அண்ணா, அவர் எந்த மாகாணம்னே சொல்லலையே. ஒன்டாரியோன்னா, 4 வாரத்துக்குள்ள 50 பேரோ அதுக்கு மேலயோ நிறுத்தினா விதியே வேற. 199 பேர் வரைக்கும் 8 வாரம், 200லேர்ந்து 499 வரைக்கும் 12 வாரம், அதுக்கு மேல 16 வாரம் முன்னறிவிப்பு தரணும், இல்லேன்னா அதுக்கான சம்பளம். தொழில் அமைச்சகத்துக்குப் படிவம் 1 போய்ச் சேராம அந்த அறிவிப்பே செல்லாது.

குளிர்காலம்: இ.ஐ., அதான் வேலை போனா அரசு தர்ற காப்பீட்டுப் பணம், எல்லாம் பி.ஆர்.னு நிரந்தரக் குடியுரிமை இருக்கிறவங்களுக்குத்தான். ஆசைப்படாதீங்க.

மார்க்கம் அக்கா: தப்பு. வொர்க் பெர்மிட்காரங்களும் கேக்கலாம். ஊரைப் பொறுத்து 420லேர்ந்து 700 மணி நேரம் வேலை செஞ்சிருக்கணும்.

குளிர்காலம்: சங்கத்துக்குப் பொங்கல் மண்டபம் பிடிக்க ஆள் இருக்கு. வேலை போனா போன் எடுக்க ஆள் இல்ல.

91இல வந்தவன்: உண்மை. கோயில் சோறுதான் மிச்சம்.

கடைக்காரன்: முதலாளிமாரையும் ஒருக்கா யோசியுங்கோ. ஓடர் குறைஞ்ச வருசம் நான் வொர்க் ஷேரிங் எடுத்தனான். எல்லாருக்கும் கொஞ்சம் மணித்தியாலம் குறைச்சன், விட்ட சம்பளத்தில ஒரு பங்கை இ.ஐ. குடுத்தது. ஒருத்தரையும் நிப்பாட்டேல்லை. ஆனா மூடுற ஆலைக்கு அது உதவாது. யூனியன் இருந்தா ஆக்‌ஷன் சென்டர் திறப்பினமோ எண்டு கேளுங்கோ. அங்க வேலை போன ஆக்களே இருந்து, மற்ற ஆக்களுக்குப் படிவம் நிரப்பிக் குடுப்பினம்.

திருச்சிக்காரன்: ஒன்டாரியோதான், பிராம்ப்டன்ல இருக்கேன். சம்பளம் என்னை ஆலைக்கு அனுப்பின ஏஜென்சி போடுது. அது முக்கியமா?

மார்க்கம் அக்கா: முதல்ல சொல்லியிருக்க வேண்டியதே அதுதான்! உங்க முதலாளி ஏஜென்சி. அவங்க அந்த ஆலைக்கு அனுப்பி, இப்ப வேலை போறவங்களே 50 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா, அதே விதி ஏஜென்சிக்கும் உண்டு. தலையை எண்ணிப் பாருங்க. பே ஸ்டப், அதான் சம்பளச் சீட்டு, எல்லாத்தையும் இன்னைக்கே போட்டோ எடுங்க. ஆர்.ஓ.இ.ன்னு முதலாளி தர்ற வேலைப் பதிவுச் சீட்டு வரட்டும்னு காத்திருக்காம இ.ஐ. போட்டுடுங்க, கடைசி நாள்லேர்ந்து 4 வாரம் தாண்டக் கூடாது. வாடகை, சாப்பாடு, பிரசவ உதவிக்கு 211ங்கற உதவி எண்ணுக்கு போன் அடிங்க, தமிழ்ல பேசணும்னு சொல்லுங்க. அப்புறம், அந்தப் பேப்பர்ல என்னதான் எழுதியிருக்கு?

திருச்சிக்காரன்: இப்பதான் முழுசாப் படிச்சேன் அக்கா. நானே விருப்பப்பட்டு விலகறதா மூணாவது வரியில இருக்கு. கையெழுத்து போடல.