கன்னாபினால் அனுபவங்கள், நால்வர் சொல்வது: தூக்க மருந்தா, பழசானதற்கு அடையாளமா?

கஞ்சா மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். முடிவு வந்ததும் எல்லோரும் போதை தரும் டிஎச்சி எவ்வளவு, போதை தராத சிபிடி எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். என் கண் முதலில் போவது சிபிஎன் என்கிற கன்னாபினால் மீது. சரக்கு எப்படிப் பாதுகாக்கப்பட்டது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

செடியில் சிபிஎன்னைத் தயாரிக்கவென்று தனி நொதி எதுவும் இல்லை. டிஎச்சி காற்றிலும் வெளிச்சத்திலும் கிடந்து ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால் சிபிஎன் வருகிறது. டிஎச்சி மூலக்கூறில் 30 ஹைட்ரஜன் அணுக்கள், சிபிஎன்னில் 26. கார்பன் 21, ஆக்ஸிஜன் 2 என்பதில் மாற்றமில்லை. அந்த நான்கு ஹைட்ரஜன் போனதும் ஒரு வளையம் அரோமாட்டிக் ஆகி, அதாவது பென்சீன் வளையம் போல உறுதியாகி, இறுகிவிடும், டிஎச்சியில் இருந்த இரண்டு கைரல் மையங்களும் (இடம்-வலம் என இரு வடிவம் எடுக்கும் கார்பன்கள்) காணாமல் போகும். சிபிஎன் தானாகத் திரும்பவும் டிஎச்சி ஆவதில்லை.

கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியின் வரைபடத்தில் டிஎச்சிக்குச் சற்று முன்னால் சிபிஎன்னின் சிகரம் எழும். இரண்டு அரோமாட்டிக் வளையங்கள் ஒட்டி இருப்பதால் 285 நானோமீட்டர் பக்கத்தில் புற ஊதா ஒளியை நன்றாக உறிஞ்சும், அதனால் ஆள் மாறாட்டத்துக்கு வாய்ப்பு குறைவு. ஜன்னலோரம் கண்ணாடிப் புட்டியில் இருந்த பூவையும், அதே சரக்கில் இருட்டில் குளிராக வைத்திருந்த பூவையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்திருக்கிறேன். முதலாவதில் சிபிஎன் சிகரம் தனியே நிமிர்ந்து நிற்கும், இரண்டாவதில் தேடித்தான் பார்க்க வேண்டும். இதை வைத்து சரக்கின் வயதைச் சொல்லச் சொல்வார்கள். எங்கே, எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரியாமல் அதைச் சொல்வது ஜோசியம்தான்.

*

நான் தொல்லியல் எச்சங்களின் வேதியியல் படிப்பவள். எங்களுக்கு சிபிஎன்தான் உயிர்நாடி. மேற்குச் சீனாவின் பாமிர் மலைப்பகுதியில் ஜிர்சான்கல் இடுகாட்டில், சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முந்தைய மரத் தணல்சட்டிகளில் சிபிஎன் கிடைத்ததாக 2019இல் கட்டுரை வந்தது. டிஎச்சி எப்போதோ சிதைந்திருக்கும். அதன் மிச்சமான சிபிஎன் தாராளமாக இருந்ததால், அங்கே எரித்தது டிஎச்சி மிகுந்த கஞ்சா என்று முடிவுக்கு வந்தார்கள்.

இன்னொன்று. கஞ்சாவிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்த கன்னாபினாய்டும் (டிஎச்சி, சிபிடி போன்ற கஞ்சாச் சேர்மம்) இதுதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேம்பிரிட்ஜில் வுட், ஸ்பிவி, ஈஸ்டர்ஃபீல்ட் மூவரும் இதைப் பிரித்து, போதை தருவதே இதுதான் என்று நம்பினார்கள். டிஎச்சியை காவோனியும் மெக்கூலமும் தனியே எடுத்தது 1964இல்.

*

மருந்துக்கடையில் நிற்பவன் நான். "தூக்கத்துக்கு சிபிஎன் நல்லதாமே?" என்ற கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. பழைய கஞ்சா தூக்கம் வரவழைக்கும், பழசில் சிபிஎன் அதிகம், ஆகவே சிபிஎன்தான் தூக்க மருந்து என்று யாரோ கணக்குப் போட்டுவிட்டார்கள். அது அப்படியே விளம்பரமும் ஆகிவிட்டது. மூளையில் டிஎச்சி போய் ஒட்டும் சிபி1 ஏற்பியில் சிபிஎன்னின் பிடிப்பு டிஎச்சியைவிடப் பல மடங்கு குறைவு. 1975இல் கார்னியோல் குழு 5 ஆண்களிடம் சோதித்தபோது சிபிஎன் தனியாகப் பெரிதாக எதுவும் செய்யவில்லை, டிஎச்சியோடு சேர்ந்தபோதுதான் மயக்கமும் தூக்கக் கலக்கமும் கூடின.

அப்புறம் 2023இல் ஒரு சோதனை: ஏழு இரவு, தினம் 20 மில்லிகிராம் சிபிஎன். நடுவில் விழிப்பது குறைந்தது, ஆனால் சீக்கிரம் தூங்கிவிடவில்லை. கூடவே சிபிடி சேர்த்தும் பலன் கூடவில்லை. அடுத்த ஆண்டு எலிகளில் செய்த ஆய்வு எனக்கு இன்னும் சுவாரசியமாகப் பட்டது. கல்லீரல் சிபிஎன்னை 11-ஹைட்ராக்ஸி சிபிஎன்னாக மாற்றுகிறது, அந்தப் பொருளுக்கும் தூக்கத்தின் மீது செயல்பாடு இருக்கிறது. அப்படியானால் வாய்வழி எடுப்பதும் புகையாக இழுப்பதும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. இந்த மாற்றத்தில் முக்கியப் பங்கு சிஒய்பி2சி9 நொதிக்கு. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினைச் சிதைப்பதும் அதே நொதி, அதனால் இரண்டும் மோதக்கூடும். வார்ஃபரின் சாப்பிடுபவர் வந்து கேட்டால் நான் எடுத்துக் கொடுப்பதில்லை, டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்பேன்.

*

மேலே யாரும் சொல்லாத ஒன்று. வேலைக்கான சிறுநீர்ப் பரிசோதனை இருந்தால் சிபிஎன் பக்கம் போகாதீர்கள். எதிர்ப்பொருளை வைத்து முதல்கட்டமாகச் சோதிக்கும் சில இம்யூனோஅஸ்ஸே கருவிகள் அதையும் டிஎச்சி என்றே பிடித்துக்கொள்ளும். என் நண்பருக்கு அப்படித்தான் ஆனது. மூலக்கூறின் எடையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி உறுதிச் சோதனை கேட்டு வாங்கிய பிறகுதான் விஷயம் தீர்ந்தது. சிபிஎன் என்று விற்பதில் டிஎச்சியும் மிச்சம் இருந்தால் அந்தச் சோதனையும் கைகொடுக்காது, அதனால் புட்டியோடு வரும் பகுப்பாய்வுச் சான்றில் டிஎச்சி வரியை முதலில் படியுங்கள்.