குரியகாவா அரணின் தெற்குப் பக்கம்: எந்த ஆறு?

ஜப்பானின் வடகிழக்கிலிருந்த முட்சு நாட்டின் 'முந்தைய ஒன்பதாண்டுப் போர்' (1051–1062) முடிந்த குரியகாவா மர அரணை 1:500 அளவில் மாதிரியாகச் செய்கிறேன். ஒரு பக்கம் மட்டும் பொருந்த மறுக்கிறது.

ஆதாரம் அந்தப் போரைச் சொல்லும் பழைய நூலான 'முட்சு வாக்கி'. மேற்கிலும் வடக்கிலும் பெரும் சதுப்பு, மற்ற இரு பக்கமும் ஆறு, கரை மூன்று ஜோவுக்கு மேல் செங்குத்து (சுமார் 9 மீட்டர், மாதிரியில் 18 மி.மீ.). ஆற்றுக்கும் வேலிக்கும் நடுவே அகழி, அதன் அடியில் நிமிர்த்திய கத்திகள். முற்றுகையிட்ட அரசுப் படையின் தளபதி மினமோட்டோ நோ யோரியோஷி ஊர் வீடுகளைப் பிரித்து அகழியில் நிரப்பி, கரையில் புல்லைக் குவித்துத் தீ வைத்தார். 1062 அக்டோபர் 22 அன்று அரண் விழுந்தது. அரணைக் காத்த அபே குலத் தலைவர் அபே நோ சடாடோ இறந்தார். ஆகவே அகழி வீட்டு மரத்தால் நிரம்பும் அளவுதான் இருந்திருக்கும். அதில் சிக்கல் இல்லை.

செய்து பார்த்தவை: முதலில் அரணை இன்றைய மோரியோகா நகரின் அபேதாதே மேட்டில் வைத்தேன். கிழக்கே கிடகாமி ஆறும் செங்குத்துக் கரையும் அழகாக அமைகின்றன, தெற்கே நீரே இல்லை. போதாக்குறைக்கு அங்கே அகழ்வில் கிடைத்தது பிற்காலக் குதோ குலக் கோட்டை. அடுத்து ஷிசுகுயிஷி ஆறு கிடகாமியில் கலக்கும் முனை. இரண்டு ஆறும் கிடைக்கின்றன, ஆனால் இன்றைய சமவுயரக் கோடுகளில் 9 மீட்டர் கரை வரவில்லை. ஷிசுகுயிஷி தடம் மாறும் ஆறு. 803இல் கட்டிய ஷிவா கோட்டையையே அதன் வெள்ளம் இடம்பெயர வைத்தது.

11ஆம் நூற்றாண்டில் ஷிசுகுயிஷியின் தடம் அபேதாதே மேட்டின் தெற்கு அடிவாரம் வரை வந்ததற்கு மண்ணியல் சான்று ஏதும் உண்டா?