பெரியம்மாவின் முழங்காலும் சீலகாந்த் எண்ணெயும்

ரவி சித்தப்பா: (முன்னனுப்பியது) நூறு ஆண்டு வாழும் அதிசயத் தீவு மீன்! டைனோசர் காலம் தொட்டு அழியாத, குட்டி போடும் சீலகாந்த்! அதன் எண்ணெயைத் தடவினால் மூட்டு வலி போயே போச்சு! பத்துப் பாட்டில் சேர்த்து வாங்குவோருக்கு இன்று இரவு வரை சலுகை.

ரவி சித்தப்பா: அண்ணி முழங்காலுக்கு இதைப் பார்க்கலாமா? வீட்டுக்கு ஒன்று என்று பேர் கொடுங்கள். பத்து மணிக்குள் சொல்ல வேண்டும்.

செல்வி அத்தை: எனக்கு இரண்டு

பெரியம்மா: வலி தாங்க முடியவில்லை ரவி. மாடிப்படி பக்கமே போவதில்லை. எதுவானாலும் சரி.

செல்வி அத்தை: ஆமாம், அண்ணி கால் சரியானால்தானே மீனா பிரசவத்துக்கு வந்து கூட இருக்க முடியும்

தினேஷ்: அம்மா, டாக்டர் எழுதிக் கொடுத்த எக்ஸ்ரே எடுத்தாயிற்றா?

பெரியம்மா: யார் கூட்டிக்கொண்டு போவது

தினேஷ்: சித்தப்பா போன வாரமே போகிறேன் என்றாரே

ரவி சித்தப்பா: வண்டி சர்வீஸில் இருந்தது என்று அன்றைக்கே சொன்னேன். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு கேட்பது சுலபம் தினேஷ்.

மீனா: ரவி மாமா, அந்தக் காந்தப் படுக்கை இன்னும் பரணில்தான் இருக்கிறது

செல்வி அத்தை: அதை ஏன் இப்போது இழுக்கிறாய்

கயல்: சித்தப்பா, யார் பேரையும் சேர்க்காதீர்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், படியுங்கள்.

கயல்: சீலகாந்த் உண்மையான மீன்தான். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது என்று புதைபடிவங்களை வைத்து நினைத்திருந்தார்கள். 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில், ஒரு இழுவலைக் கப்பல் கொண்டுவந்த மீன் குவியலில், அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் அதைக் கண்டெடுத்தார். அவர் பேரை வைத்துத்தான் அதற்கு லாட்டிமேரியா என்று பேர். அடுத்த மீனுக்காக ஜே.எல்.பி. ஸ்மித் என்ற மீனியலாளர் 100 பவுண்டு பரிசு என்று துண்டறிக்கை அச்சடித்துக் கடலோரமெல்லாம் கொடுத்தார். அது கிடைக்க 14 ஆண்டு ஆனது. 1952இல், ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் நடுவே உள்ள கொமொரோ தீவுகளில். அவ்வளவு அரிது. அதைப் பிடித்து எண்ணெய் எடுத்துப் பாட்டில் பாட்டிலாக விற்க முடியுமா?

செல்வி அத்தை: வேண்டுமா வேண்டாமா, அதை மட்டும் சொல் கயல்

கயல்: வேண்டாம் அத்தை.

ரவி சித்தப்பா: நூறு வருஷம் வாழ்கிறது என்பது பொய்யா? நெட்டில் போட்டிருக்கிறதே.

கயல்: அது பொய்யில்லை. 2021இல் செதில்களில் உள்ள வளையங்களை ஆராய்ந்து, ஏறத்தாழ நூறு ஆண்டு வாழக்கூடும் என்று கணித்திருக்கிறார்கள். ஆனால் அதன் எண்ணெயைத் தடவினால் மூட்டு வலி போகும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்த மீனுக்கு எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். பெண் மீன் பருவத்துக்கு வரவே 50 வயது தாண்டிவிடும். வயிற்றில் குட்டி இருப்பது சுமார் ஐந்து ஆண்டு.

மீனா: ஐந்து வருஷமா!!

மீனா: எனக்கு ஏழாம் மாதமே முதுகு ஒடிகிறது

பெரியம்மா: மீன் முட்டைதானே போடும்? குட்டி எப்படி?

கயல்: முட்டை உண்டு பெரியம்மா, ஆனால் வெளியே விடாது. ஒரு முட்டை 9 செ.மீ. குறுக்களவு, 300 கிராமுக்கு மேல் எடை. வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, மஞ்சள் கருவைச் சாப்பிட்டுக் குட்டி வளரும். 1962இல் பிடித்த ஒரு பெண் மீனை நியூயார்க் அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார்கள். 1975இல் அறுத்துப் பார்த்தபோது உள்ளே ஐந்து குட்டிகள், மஞ்சள் கருப் பையோடு. அதுவரை குட்டி போடும் மீன் என்று உறுதியாகத் தெரியாது. 1991இல் மொசாம்பிக் பக்கம் மாட்டிய ஒரு மீனின் வயிற்றில் 26 குட்டிகள் இருந்தன. ஒரு தாயைப் பிடித்தால் எத்தனை போகிறது பாருங்கள்.

பெரியம்மா: ஐயோ பாவமே

தினேஷ்: மீனா, லீவு எழுதிக் கொடுத்துவிட்டாயா?

மீனா: அடுத்த மாதத்திலிருந்து. மேனேஜர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை

செல்வி அத்தை: அவரிடம் நான் பேசட்டுமா

மீனா: அம்மா வேண்டாம்

ரவி சித்தப்பா: இது இந்தோனேசியாவிலிருந்து நேரடியாக வருகிறதாம். என்னோடு வேலை பார்த்தவன் சொன்னான். அவன் பொய் சொல்ல மாட்டான்.

கயல்: அங்கேயும் இருக்கிறது சித்தப்பா, வேறு இனம். 1997இல் மார்க் எர்ட்மன் என்ற ஆய்வாளரும் அவர் மனைவியும் சுலாவெசி தீவில், மனாடோ சந்தையில் ஒரு தள்ளுவண்டியில் பார்த்தார்கள். அந்த ஊர் மீனவர்கள் ராஜா லாவுத் என்பார்கள், கடல் அரசன். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களை நாடுகளுக்கிடையே விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் அந்த இரண்டு இனமும் உள்ளன. விற்பதற்காக நாடு விட்டு நாடு கொண்டு வருவதே தடை. ஆக, பாட்டிலில் இருப்பது சீலகாந்த் இல்லையென்றால் ஏமாற்று. சீலகாந்த் என்றால் குற்றம்.

ரவி சித்தப்பா: எல்லோரும் என்னைத்தான் பிடித்துக்கொள்வீர்கள்

கயல்: உங்களைச் சொல்லவில்லை சித்தப்பா. பெரியம்மாவுக்காக நீங்கள் ஒருத்தர்தான் ஏதாவது செய்யப் பார்த்தீர்கள்.

தினேஷ்: நான் பார்க்கவில்லையா?

கயல்: ஐயோ அண்ணா, அப்படி இல்லை

கயல்: அதன் உடம்பு முழுக்க மெழுகு போன்ற கொழுப்பு. தின்றால் வயிற்றைக் கலக்கும். கொமொரோவில் பெரும்பாலும் அதைத் தேடி யாரும் போவதில்லை. ராத்திரியில் வேறு மீனுக்கு ஆழத்தில் விடும் தூண்டிலில் தானாக வந்து மாட்டுகிறது, அவ்வளவுதான்.

கயல்: 1987இல் ஹான்ஸ் ஃபிரிக்கே என்ற ஜெர்மானியர் சிறிய நீர்மூழ்கியில் இறங்கித்தான் அது தன் இடத்தில் நீந்துவதை முதன்முதலாகப் படம் எடுத்தார். பகலெல்லாம் 200 மீட்டர் ஆழத்தில் எரிமலைப் பாறைக் குகைக்குள் கும்பலாக மிதந்துகொண்டிருக்கும். ஒன்றை ஒன்று இடிக்காது. இடப்பக்கத் துடுப்பும் வலப்பக்கத் துடுப்பும் மாறி மாறி அசையும். சில நேரம் தலைகீழாக நிற்கும். உடம்பில் வெள்ளைத் திட்டுகள், ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு மாதிரி. அதை வைத்தே இது இன்ன மீன் என்று அடையாளம் காண்கிறார்கள். வீடியோ அனுப்புகிறேன், பெரியம்மா கட்டாயம் பாருங்கள். இவ்வளவு காலம் தாக்குப்பிடித்த மீனை நம் முழங்காலுக்காக ஒருத்தரும் தொடக் கூடாது.

பெரியம்மா: பார்த்தேன். நீலமாக எவ்வளவு அழகாக இருக்கிறது. என் பேரை எடுத்துவிடு ரவி.

செல்வி அத்தை: எனக்கு ஒன்று மட்டும் இருக்கட்டும்

மீனா: அம்மா!!

செல்வி அத்தை: கயல் சொல்வது சரிதான். ஆனாலும் தடவித்தான் பார்ப்போமே

கயல்: அத்தை போனை எடுங்கள், கூப்பிடுகிறேன்

தினேஷ்: எக்ஸ்ரே என்ன ஆயிற்று? வியாழக்கிழமை காலை டாக்சி போட்டுத் தரவா? கூட ஒருத்தர் போனால் போதும்.

ரவி சித்தப்பா: டாக்சி எல்லாம் எதற்கு. வண்டி வந்துவிட்டால் நானே கூட்டிப் போகிறேன்.

தினேஷ்: வராவிட்டால்?

ரவி சித்தப்பா: புதன் ராத்திரி சொல்கிறேன்

பெரியம்மா: வியாழன் வேண்டாம், வெள்ளி பார்க்கலாம். ரவி, உன் சிநேகிதனிடம் என்ன சொல்லப் போகிறாய்?

ரவி சித்தப்பா: இன்னும் ஒன்பது மணிகூட ஆகவில்லை அண்ணி, யோசிக்கிறேன்