மறு: சாண்ட்போர்டிங் – மணற்சறுக்கா?

வணக்கம். மணற்குன்றுகளில் பலகையில் சறுக்கி இறங்கும் சாண்ட்போர்டிங் விளையாட்டின் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில்.

> பனிச்சறுக்கு இருக்கிறதே, அதே வழியில் மணற்சறுக்கு என்று வைத்துவிடலாம்.

எனக்குச் சம்மதம். பெரு நாட்டின் பாலைவனச் சோலையான வாக்காச்சினாவுக்குப் போகிறவர்களுக்கான பயணக் குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அங்கே புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் பலகையில் குப்புறப் படுத்துத்தான் இறங்குவார்கள். பழகியவர்கள் பாதங்களைப் பட்டையில் மாட்டி நின்றபடி. இரண்டுக்கும் மணற்சறுக்கு பொருந்துகிறது. படுத்து, நின்று என்று முன்னால் சேர்த்துக்கொண்டால் போதும், தனிச்சொல் எதற்கு?

> பலகை = மணற்பலகை

இது வேண்டாம். மணல் பரப்பி அ, ஆ எழுதிப் பழகும் பலகைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. சறுக்குப்பலகை என்றே இருக்கட்டும்.

> வேக்ஸிங் = மெழுகல்

ஐயோ, மெழுகுவது வாசலை அல்லவா! பனியில் பலகைக்கு அடியில் மெல்லிய நீர்ப்படலம் உண்டாகி வழுக்கிவிடும். மணல் உருகாது. அதனால் ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் பலகையைக் கவிழ்த்துப்போட்டு, அடிப்பக்கம் முழுக்க மெழுகுக் கட்டியை அழுத்தித் தேய்க்கிறார்கள். தேய்க்காவிட்டால் பாதியிலேயே நின்றுவிடும். ஆகவே 'மெழுகு தேய்த்தல்'.

டியூன் என்பதற்கு மணல்மேடா, மணற்குன்றா என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை, மணற்குன்றுதான். பெருவிலேயே நாஸ்கா ஊருக்குப் பக்கத்தில் உள்ள செர்ரோ பிளாங்கோ என்ற மணற்குன்றின் உச்சி கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலே. வெயிலுக்கு முன் கிளம்பி, பலகையைச் சுமந்து, சில மணி நேரம் நடந்து ஏறியவரிடம் போய் மேடு என்று சொல்லிப் பாருங்கள். தேரி அழகான சொல்தான், ஆனால் அது தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணலுக்கே உரியது.

அப்புறம், யாரும் தொடாத ஒன்று: ஸ்லிப் ஃபேஸ். மணற்குன்றில் காற்று வீசும் பக்கம் சாய்வு குறைவு. மறுபக்கம்தான் ஸ்லிப் ஃபேஸ்; அங்கே சாய்வு ஏறத்தாழ 34 பாகை வரை போகும், அதற்கு மேல் மணல் தானே சரிந்துவிடும். சறுக்குவது இந்தப் பக்கத்தில்தான். 'சரிமுகம்' என்று முன்மொழிகிறேன். ஏறும் பக்கம் 'காற்றுமுகம்'.

கடைசியாக ஓர் உதவி வேண்டும். வாக்காச்சினாவில் உச்சிக்கு ஏற்றிச் செல்லும் கூண்டு வண்டியை ஆங்கிலத்தில் பக்கி என்கிறார்கள். 'பக்கி வாடகைக்குக் கிடைக்கும்' என்று எழுதிவிட்டு நானே சிரித்துவிட்டேன். மணல்வண்டி என்றால் ஆற்று மணல் அள்ளுகிற வண்டியாகிவிடுகிறது. வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.