காலையில் மட்டும் 'டக் டக்' சத்தம்: பிஸ்டனா, வேறு ஏதாவதா?

வணக்கம் அண்ணன்மாரே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். தோட்டத்தில் வேலை பார்த்த அப்பா சேர்த்து வைத்து வாங்கிய பழைய 1300 சிசி கார். போன மாதம் இன்ஜின் சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தி (போர் போட்டு), 0.50 மி.மீ. பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டினோம். அதிலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்தால் டக் டக் என்று அடிக்கிறது. சூடானதும் அடங்கிவிடுகிறது. மூன்றாவது சிலிண்டரின் பிளக் வயரைக் கழற்றினால் சத்தம் பாதியாகக் குறைகிறது. ஆயில் அளவு சரி.

பழைய பிஸ்டனையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, புதியதற்குப் பாவாடைப் பகுதி (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர்) குட்டை. குட்டையானால் பிஸ்டன் ஆடி சிலிண்டர் சுவரில் அடிக்கும், சூட்டில் அலுமினியம் விரிந்ததும் இடைவெளி குறையும் என்பது தெரியும். ஆனால் எனக்கு வேறொரு சந்தேகமும் இருக்கிறது. இந்தச் சத்தத்தைக் குறைக்கத்தான் பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னுக்கான (pin) துளையை நடுவிலிருந்து சற்றுத் தள்ளி வைப்பார்கள். பிஸ்டனைத் திருப்பி மாட்டியிருந்தால் அதுவே சத்தத்தைக் கூட்டுமே?

சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் திசை காட்டும் அம்புக்குறியைப் பார்க்கலாமா, இப்படியே ஓட்டலாமா? இதே மாதிரி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அப்புறம், ஈப்போ பக்கம் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் உள்ள இடைவெளியைச் சரியாக அளந்து தருபவர் இருந்தாலும் சொல்லுங்கள். அப்பாவின் கார், விற்க மனசில்லை.